ரெண்டு போடாத புட்டி

அந்த வருஷம் எனக்கு ரசாயனப் பைத்தியம் பிடித்திருந்தது. நாற்பதைத் தொட்ட பெண்பிள்ளைக்கு, அதுவும் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் ஒருத்திக்கு, இப்படி ஒரு பைத்தியம் எதற்கு என்று கேட்டால், எல்லாம் என் மூத்த மகனால் வந்தது. பெரியவன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தை என் கையில் கொடுத்து, "கேள்வி கேளுங்கம்மா, நான் பார்க்காம சொல்றேன்" என்பான். நான் கேட்பேன், அவன் சொல்வான். மூன்றாம் வாரத்தில் அவன் சொல்வதற்கு முன் நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

என்னைக் கவிழ்த்தது அயனிகளின் கணக்கு. உப்பு ஏன் ஒன்றுக்கு ஒன்று, சுண்ணாம்பு ஏன் ஒன்றுக்கு இரண்டு என்பதற்கெல்லாம் ஒரு நியாயம் இருக்கிறது என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு அயனிக்கும் ஒரு மின்னேற்றம் உண்டு. சிலது ப்ளஸ், சிலது மைனஸ். சேரும்போது இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாகிப் பூஜ்யம் வரவேண்டும். அவ்வளவுதான் சட்டம். இதை நான் லட்டுக் கணக்காக மாற்றிவைத்திருந்தேன். ப்ளஸ் எல்லாம் லட்டு கொடுக்கிற அத்தைகள். மைனஸ் எல்லாம் கையை நீட்டுகிற பிள்ளைகள். சோடிய அத்தையிடம் ஒரு லட்டு. குளோரின் பிள்ளைக்கு ஒன்று போதும். ஆக NaCl, சண்டை முடிந்தது. கால்சிய அத்தையிடம் இரண்டு லட்டு, ஆகவே குளோரின் பிள்ளைகள் இருவர் வேண்டும். அலுமினிய அத்தையிடம் மூன்று இருக்கிறது, ஆக்ஸிஜன் பிள்ளையோ இரண்டு கேட்கும். அப்படியானால் அத்தைகள் இருவர், பிள்ளைகள் மூவர். ஆறு லட்டு, ஆறு கை. யாரும் அழவில்லை. Al₂O₃!

இதை முதல்முறை போட்டுப் பார்த்தபோது அடுப்படியில் தனியாக நின்று கைதட்டினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, எலி செத்துச்சா?" என்று கேட்டார்.

நாங்கள் இருப்பது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில். அவர் ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. எந்தப் பொருளும் வரிசையாக, முகம் முன்னால் பார்த்து நிற்கவேண்டும் அவருக்கு. ரயில் வண்டி தாமதமானால்கூடப் பொறுத்துக்கொள்வார், சீப்பு கோணலாகக் கிடந்தால் பொறுக்கமாட்டார். இந்தக் குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பைத்தியம் முற்றி, ஒரு பள்ளி விடுமுறையில் வீட்டு அலமாரியில் கைவைத்தேன். எல்லாப் புட்டியிலும் இருந்த பழைய சீட்டைக் கிழித்துப்போட்டு, பெரியவனின் நோட்டுத் தாளைக் கத்தரித்து, சோற்றுக் கஞ்சி தடவி, அதனதன் ரசாயன பார்முலாவை எழுதி ஒட்டினேன். உப்பு NaCl. ஆப்பசோடா NaHCO₃, சோடியம் ஒன்று கொடுக்கிறது, மீதிக் கும்பல் முழுக்கச் சேர்ந்தே ஒன்றுதான் கேட்கிறது. சுண்ணாம்பு Ca(OH)₂, அந்த அடைப்புக்குறி போடுவதற்காகவே அதை மூன்று தடவை எழுதினேன். படிகாரத்தின் பார்முலா அவ்வளவு நீளம், புட்டியைச் சுற்றி ஒரு வளையமாக எழுதவேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் அலமாரி முன் நின்று, "டீச்சரம்மா, ரசத்துக்கு எந்த பார்முலா?" என்றார்.

"அதுக்கெல்லாம் பார்முலா இல்லீங்க. உப்புக்கு மட்டும்தான்."

"அப்ப பார்முலா இல்லாததுதான் ருசியா இருக்குன்னு சொல்லு."

எழுதியதோடு விட்டேனா? வரிசையையும் மாற்றினேன். சோடியம் எல்லாம் ஒரு தட்டு. கால்சியம் எல்லாம் ஒரு தட்டு. பாதரசம் இரண்டு புட்டி, அது மேல் தட்டு. என் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய மடத்தனம் இந்த வரிசைதான்.

அந்த இரண்டு புட்டி எது என்று சொல்கிறேன். ஒன்று பேதி மருந்து. மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். டிஸ்பென்சரியில் வாங்கிய வெள்ளைப் பொடி, கத்தி நுனியில் எடுத்துச் சீனியில் கலந்து கொடுப்போம். இன்னொன்று மூட்டைப்பூச்சிக்கு. கிள்ளானில் இருந்த என் நாத்தனார் வீடு மாறியபோது ஒரு பிரம்பு நாற்காலியை எங்களுக்கு அன்பாக ரயிலில் ஏற்றி அனுப்பினார். நாற்காலியோடு மூட்டைப்பூச்சிகளும் டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கின. கட்டில் சந்து, பலகைச் சந்து எல்லாம் தடவ ஒரு விஷப் பொடி வாங்கி, மைபோல அரைத்துக் குளியலறைப் பரணில் வைத்திருந்தேன். அதுவும் வெள்ளை.

இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்ததுதான். இதுதான் என்னைக் கிறங்க அடித்த விஷயம். பாதரச அத்தைக்கு மட்டும் இரண்டு குணம். ஒரு நாள் ஒரு லட்டு தருவாள், இன்னொரு நாள் இரண்டு. ஒன்று தந்தால் HgCl, வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து. இரண்டு தந்தால் HgCl₂, ஆளையே சுத்தம் செய்துவிடும் விஷம். அதே அத்தை, அதே பிள்ளை, ஒரு லட்டுதான் வித்தியாசம்! இந்த அதிசயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றுதான் விஷத்தைப் பரணிலிருந்து இறக்கி, மருந்துக்கு அருகில் வைத்தேன். அறிவு வந்தால் புத்தி போய்விடும் போலிருக்கிறது.

பெரியவன் அன்றே சொன்னான். "அம்மா, மருந்துக்கு HgCl-னு எழுதாதீங்க. எங்க சார் Hg₂Cl₂-னுதான் எழுதணுங்கிறாரு."

"ரெண்டுக்கு ரெண்டு, அடிச்சா ஒண்ணுக்கு ஒண்ணுதானே? நீதானே சொன்னே, சின்னதாக்கி எழுதணும்னு?"

"இதுல அடிக்கக் கூடாதாம். அந்த ரெண்டு பாதரசமும் கைகோத்துக்கிட்டுத்தான் இருக்குமாம். பிரிக்க முடியாதாம்."

"உங்க சாருக்குக் கணக்கு வராது போடா" என்றேன். HgCl என்றே எழுதி ஒட்டினேன். புத்தகத்திலும் ஒரு பக்கத்தில் அப்படித்தான் இருந்தது, நானாகக் கற்பனை செய்யவில்லை. ஆனால் அவன் பேச்சைக் கேட்டிருந்தால் மருந்துப் புட்டியின் நடுவிலேயே ஒரு இரண்டு நின்றிருக்கும். அதைக் கரப்பான் எட்டியிருக்காது.

ஆமாம், கரப்பான். சோற்றுக் கஞ்சி என்றால் கரப்பானுக்கு விருந்து. மூலையிலிருந்துதான் தின்ன ஆரம்பிக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் பின்பக்கம் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஆறு வயதுச் சின்ன மகளுக்கு அன்று பேதிக்குக் கொடுக்கும் நாள். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"பேதி மருந்து எந்தப் புட்டி?"

"மேல் தட்டுலங்க. ரெண்டு போடாதது!"

"என்னது?"

"ரெண்டு! ரெண்டு போட்டிருந்தா தொடாதீங்க. போடாததுதான் மருந்து!"

"சரி சரி."

பெருமையாக இருந்தது எனக்கு. பார்த்தீர்களா, ஒரே ஓர் எண் எவ்வளவு வேலை செய்கிறது என்று போர்வையைப் பிழிந்துகொண்டே சிரித்துக்கொண்டேன்.

ஈரக் கையோடு உள்ளே வந்தபோது சின்னவள் உதட்டைச் சுற்றி ஒட்டிய சீனியை நக்கிக்கொண்டிருந்தாள். நான் மேல் தட்டைப் பார்த்தேன். இரண்டு புட்டியும் தோளோடு தோள் ஒட்டி, முகம் முன்னால் பார்த்து, அளவெடுத்ததுபோல நின்றன. ஒன்றில் HgCl. மற்றதிலும் HgCl. அந்த மற்றதில், இரண்டு எழுதியிருந்த கீழ் மூலையில், சீட்டு அரைவட்டமாகக் காணாமல் போயிருந்தது.

சட்டென்று பார்த்தால் அது சீட்டின் வடிவம் என்றே நினைப்பீர்கள். அவ்வளவு அழகாகத் தின்றிருந்தது.

"ஏங்க, எந்தப் புட்டியில எடுத்தீங்க?"

"ரெண்டு போடாததுலதான்."

"ரெண்டுலயுமே ரெண்டு இல்லீங்க!"

"அதான் நானும் பார்த்தேன். சரி, மருந்து ரெண்டு புட்டி வாங்கி வச்சிருக்கே போலன்னு முன்னாடி இருந்ததை எடுத்தேன்."

"முன்னாடி இருந்தது எது?"

அவர் அலமாரியைப் பார்த்தார். "தூசியா இருந்துச்சு. ரெண்டையும் இறக்கித் துடைச்சு, நேரா வச்சுட்டேனே."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் என்ன செய்தேன் என்பது எனக்குக் கோர்வையாகத் தெரியாது. மூலை போன சீட்டு எந்தப் புட்டியில் இருந்ததோ அதுதான் விஷம், அது தெரியும். அவர் எதில் எடுத்தார் என்பதுதான் தெரியாது. பிள்ளை வயிற்றில் ஒரு லட்டா, இரண்டு லட்டா? நான் கத்தியிருக்கிறேன். பெரியவன் ஓடிவந்தான். பள்ளிச் சுகாதாரப் புத்தகத்தில் படித்தது ஒன்று மட்டும் மண்டையில் மின்னியது: இந்த மாதிரி விஷத்துக்கு முட்டையின் வெள்ளைக்கரு.

"டேய், முட்டை! பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஓடு!"

வீட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் ரிக்‌ஷா பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா முட்டையைக் கொடுத்தனுப்பவில்லை, மடியில் கட்டிக்கொண்டு தானே வந்துவிட்டார். முன்பு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். அவர் வாயில் வெற்றிலை இல்லாத நேரம் அவர் தூங்கும் நேரம் மட்டும்தான். அவரும் நானும் முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை வழித்து வழித்துச் சின்னவள் வாயில் ஊற்றினோம். அவள் முதல் முட்டையை விழுங்கினாள். இரண்டாவதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எனக்குப் பொறந்தநாளாம்மா?"

"இல்லடி கண்ணு, குடி."

"அப்ப அண்ணனுக்கு ஏன் இல்ல?"

"வயிறு எரியுதா? நாக்கு எரியுதா? சொல்லுடி."

"நீங்க கத்தறதுலதான் காது எரியுது."

அப்போதுதான் பெரியவன் கேட்டான். "அப்பா பொடியை எதுலம்மா கலந்தாரு?"

மேசையில் மடித்த தாள் ஒன்று கிடந்தது. அதன் மடிப்பில் சீனியும் பொடியும் ஒரு சிட்டிகை மிச்சம். ஐயோ, அதைப் பார்க்காமல் புட்டிகளையே முறைத்துக்கொண்டிருந்தோமே! அவன் பாதியைக் கண்ணாடிக் கிளாஸில் தட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கினான். "விஷம்னா கரைஞ்சுடும். மருந்துன்னா கரையாது." கலக்கினான், கலக்கினான். அடியில் ஏதோ வெள்ளையாகத் தங்கியது.

"கரையலம்மா!"

"அது கரையாத சீனிடா!"

"சீனி கரையாம இருக்குமா?"

"உங்கப்பா வாங்குற சீனி இருக்கும்!"

அக்கா இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே தாளை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "டீச்சரம்மா, இது என்ன பொடின்னு சொன்னீங்க?"

"பாதரசம் அக்கா. பேதிக்குக் கொடுக்கறதா, பூச்சிக்கு வைக்கறதான்னு தெரியல."

"அட, பேதிப் பொடியா? எங்க ஆஸ்பத்திரியில மருந்து கலக்கற டிரெஸ்ஸர் அதுலதான் புண்ணு கழுவக் கறுப்புத் தண்ணி செய்வாரு. சுண்ணாம்புத் தண்ணியில போட்டா மையாட்டம் ஆயிடும். பூச்சி மருந்தைப் போட்டா மஞ்சத் தண்ணி வரும். ரெண்டு ஜாடியும் நான்தானே கழுவுவேன். மஞ்ச ஜாடியைக் கழுவுனா ரெண்டு தடவை கை கழுவணும்னு வைவாரு."

நான் பாய்ந்து அலமாரியிலிருந்து Ca(OH)₂ புட்டியை எடுத்தேன். அடைப்புக்குறி போட்டு எழுதினேனே, அதே புட்டி. அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"உங்க புட்டி ஒண்ணும் வேணாம் லா. அதுல என்ன இருக்கோ யாரு கண்டா."

இடுப்பில் செருகியிருந்த தன் சுண்ணாம்பு டப்பியை எடுத்தார். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. சாஸரில் ஒரு கட்டி வைத்து, தண்ணீர் விட்டுக் கரைத்தார். பெரியவன் தாளை நீட்டினான். என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டேன். கறுப்பு வரட்டும், கறுப்பு வரட்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியிடமும் யாரும் கேட்காத வரம்.

அவன் தட்டினான். வெள்ளைப் பொடி வெள்ளைச் சுண்ணாம்பில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. அக்கா விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். விரல் போன வழியில் ஒரு கோடு சாம்பல் நிறமானது. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். பிறகு சாஸர் முழுவதும் யாரோ கண்மை கொட்டியதுபோலக் கறுத்தது.

"கறுப்பு!" என்றான் பெரியவன்.

"கறுப்பு!" என்றேன் நான்.

"நான்தான் சொன்னேனே" என்றார் அக்கா, விரலைத் தூக்கிக் காட்டி.

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். அந்தக் கறுப்பு விரல் என் ரவிக்கை முதுகில் நீளமாக ஒரு கோடு போட்டது, அது பிறகு போகவே இல்லை. பெரியவன் சாஸரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினான். சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் எல்லோரும் குதிப்பதைப் பார்த்து அவளும் குதித்தாள். இரண்டு முட்டை உள்ளே போயிருந்ததால் அடக்கமாகக் குதித்தாள்.

வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. வீட்டுக்காரர் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார். மனைவி முதுகில் கறுப்புக் கோடு, மகன் கையில் கறுப்புச் சாஸர், எல்லோரும் சிரிக்கிறோம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அப்படியானால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தாராம்.

"கறுப்புங்க! ஒண்ணுதாங்க! ரெண்டு இல்லீங்க!" என்று நான் கத்தியதில் அவருக்கு இன்னும் பயம் வந்தது.

பெரியவன்தான் நிதானமாகச் சொன்னான். "அப்பா, நீங்க சரியான புட்டியிலதான் எடுத்திருக்கீங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். உட்கார்ந்தபடி அழுதார். பிறகு எழுந்து, போட்டிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி, சுவரோரமாக நேராக வைத்தார்.

வெளியே ரிக்‌ஷாக்காரச் சீனர் மணியை அடித்தார். "பிகி கா, தா பிகி?" போகிறீர்களா, இல்லையா என்று மலாயில் கேட்டார்.

போவதா வேண்டாமா என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வருது" என்றாள்.

எனக்கு மறுபடியும் உயிர் போனது. விஷமானாலும் வயிறு போகும் அல்லவா? பின்பக்கக் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று, "வலிக்குதா? என்ன நிறம்? வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து, "அம்மா, கொஞ்சம் தள்ளிப் போங்க. நீங்க நின்னா வர்றதும் வரல" என்று பதில் வந்தது. அந்தக் குரலில் இருந்த எரிச்சல்! அதைக் கேட்டபோதுதான் போன உயிர் திரும்பி வந்தது. சாகிற பிள்ளை அப்படி வையாது.

ரிக்‌ஷாக்காரருக்கு அக்கா வெற்றிலை மடித்துக் கொடுத்து அனுப்பினார். அதே டப்பிச் சுண்ணாம்புதான். அவர் வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் கையிலேயே பிடித்தபடி போனார்.

மதியம்வரை சின்னவள் ஏழு தடவை போனாள். ஒவ்வொரு தடவை வெளியே வந்தபோதும் பெரியவன் கைதட்டினான். ஏழாவது தடவை அவளே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"அந்த விஷம் நாக்குல பட்டிருந்தா உங்க பொண்ணு கத்தற கத்தலுக்கு ஸ்டேஷன்ல ரயிலு நின்னிருக்கும் டீச்சரம்மா" என்று அக்கா பிற்பாடு சொன்னார். "பிள்ளை சீனியை நக்கிக்கிட்டு நிக்குது. அதைப் பார்த்தாலே தெரியாதா?"

"தெரிஞ்சா முதல்லயே சொல்லக் கூடாதா அக்கா?"

"நீங்க கத்தற கத்தல்ல எனக்கே மறந்துபோச்சு."

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் விஷப் புட்டியைத் துணியில் சுற்றி டிஸ்பென்சரியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு உட்கார்ந்து எல்லாப் புட்டிக்கும் தமிழில் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். உப்பு. சோடா. சுண்ணாம்பு. பேதி. கஞ்சியில் ஒட்டவில்லை, கழுத்தில் நூல் போட்டுக் கட்டினார். நான் நூலை வெட்டிக் கொடுத்தேன். பெரியவன் மட்டும் பேதிச் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் Hg₂Cl₂ என்று எழுதி என்னிடம் காட்டினான். இரண்டு அத்தைகளும் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். உங்க சாருக்குக் கணக்கு வரும்டா என்று ஒப்புக்கொண்டேன்.

அயனிக் கணக்கை நான் விடவில்லை. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. அது பொய் சொல்லவில்லை. சீட்டு போனாலும், சாஸரில் போட்டதும் தான் யார் என்று பொடியே சொல்லிவிட்டது. பொய் சொன்னது நானும் சோற்றுக் கஞ்சியும்தான். ஆனால் பேதிக் கிழமை வந்தால் இன்றும் புட்டியை நானே எடுக்கிறேன், சீட்டைப் படிக்கிறேன், திருப்பிப் படிக்கிறேன், ஒரு சிட்டிகையைச் சுண்ணாம்பில் போட்டுக் கறுக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். "பிள்ளைக்குக் குடுக்கறதைவிடச் சாஸருக்குத்தான் அதிகமா பேதி மருந்து குடுக்கறே" என்கிறார் வீட்டுக்காரர். சொல்லட்டும்.

மூட்டைப்பூச்சிகள் அப்படியே இருக்கின்றன. விஷம் போன பிறகு அவை பெருகிவிட்டன. கிள்ளான் நாத்தனார் வந்து அதே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்தில் எழுந்து, "என்ன அண்ணி, வீட்டை இப்படியா வச்சிருப்பீங்க?" என்று கேட்டார். சின்னவள் தொடையைச் சொறிந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சொறிவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது என்று நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது? கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.